அலுவலகத் தொலைபேசியில் காத்திருப்பு இசை

காத்திருப்பு இசை என்பது தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை மறுமுனையில் உள்ளவர் சிறிது நேரம் நிறுத்தி வைக்கும்போது அவருக்குக் கேட்கும் இசை அல்லது பதிவு செய்யப்பட்ட அறிவிப்பு ஆகும். இவ்வாறு நிறுத்தி வைப்பதைப் பேச்சுவழக்கில் 'ஹோல்டில் போடுதல்' என்பர். அலுவலகங்கள், மருத்துவமனைகள், வங்கிகள், வாடிக்கையாளர் சேவை மையங்கள் ஆகியவற்றில் பயன்படும் உட்தொலைபேசி இணைப்பகங்கள் இந்த வசதியை அளிக்கின்றன. இவ்வகை இணைப்பகம் பொதுவாகப் பி.பி.எக்ஸ் எனவும், இந்திய அலுவலகங்களில் இ.பி.ஏ.பி.எக்ஸ் எனவும் அழைக்கப்படுகிறது.

இதன் முதற்பயன் இணைப்பு துண்டிக்கப்படவில்லை என்று அழைத்தவருக்குத் தெரிவிப்பதே. தொலைபேசியில் முழு அமைதி நிலவினால் அழைப்பு அறுந்துவிட்டதாகக் கருதிப் பலர் இணைப்பைத் துண்டித்து மீண்டும் அழைப்பர். வரிசையில் காத்திருந்த ஒருவர் இப்படிச் செய்தால் தம் இடத்தை இழந்து வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார்.

அழைக்கப்பட்டவர் தொலைபேசியை எடுக்கும் முன் ஒலிக்கும் 'காலர் டியூன்' வேறு, காத்திருப்பு இசை வேறு. முன்னதைத் தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பு ஒலிக்கச் செய்கிறது. அப்போது அழைப்பு இன்னும் ஏற்கப்படவில்லை. பின்னதை அலுவலகத்தின் இணைப்பகம் ஒலிக்கச் செய்கிறது. அப்போது அழைப்பு ஏற்கப்பட்டுவிட்டது. எனவே கட்டணம் உள்ள இணைப்புகளில் காத்திருக்கும் நேரத்திற்கும் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும்.

வரலாறு

காத்திருப்பு இசையைக் கண்டறிந்தவராக அமெரிக்கத் தொழிற்சாலை உரிமையாளர் ஆல்ஃபிரெட் லெவி குறிப்பிடப்படுகிறார். அவருடைய தொழிற்சாலையின் தொலைபேசிக் கம்பி ஒன்று கட்டடத்தின் இரும்பு உத்திரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அதனால் கட்டடமே ஒரு பெரிய வானொலி அலைவாங்கி போலச் செயல்பட்டு, அருகில் இருந்த வானொலி நிலையத்தின் ஒலிபரப்பு தொலைபேசி இணைப்பில் கலந்தது. நிறுத்தி வைக்கப்பட்டவர்களுக்கு அந்த ஒலிபரப்பு கேட்டது. கோளாறாகத் தோன்றிய இதன் பயனை உணர்ந்த லெவி 1962-இல் காப்புரிமத்திற்கு விண்ணப்பித்தார். 'தொலைபேசி நிறுத்த நிகழ்ச்சி அமைப்பு' என்ற பொருள்படும் தலைப்பில் அவருக்கு 1966 ஏப்ரல் 12 அன்று அமெரிக்கக் காப்புரிமம் வழங்கப்பட்டது.

தொடக்கத்தில் வானொலிப் பெட்டியோ ஒலிநாடாக் கருவியோ இணைப்பகத்துடன் கம்பி மூலம் இணைக்கப்பட்டது. பின்னர் மெட்டு ஒன்றைத் தனக்குள்ளேயே கொண்ட சிறு ஒருங்கிணைந்த சுற்றுகள் மலிவாகக் கிடைத்தன. சிறு அலுவலக இணைப்பகங்களிலும் தனித் தொலைபேசிகளிலும் பல ஆண்டுகள் கேட்டுவந்த, ஒரே கீச்சுக் குரலில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் மெட்டுகள் இத்தகைய சுற்றுகளிலிருந்து வந்தவை. பீத்தோவனின் 'ஃபியூர் எலிஸே' அவற்றில் மிகவும் அறியப்பட்டது. இசைக்குப் பதிப்புரிமைத் தொல்லை இல்லாததும் ஒற்றைச் சுர வரிசையாகவே அடையாளம் காணக்கூடியதாக இருந்ததும் இத்தகைய பழைய மெட்டுகளுக்குச் சாதகமாயின.

இணைய நெறிமுறைத் தொலைபேசி பரவிய பின் காத்திருப்பு இசை கணினிக் கோப்பாக மாறியது. இக்காலத்தின் மிகப் பரவலான காத்திருப்பு இசைகளுள் ஒன்று 'ஓபஸ் நம்பர் ஒன்' ஆகும். டிம் கார்ல்டன் என்ற இளைஞர் தம் நண்பர் டாரிக் டீலுடன் சேர்ந்து 1989-இல் வீட்டு வாகனக் கொட்டகையில் இதைப் பதிவு செய்தார். பின்னாளில் சிஸ்கோ நிறுவனத்தில் பணியாற்றிய டீல் வழியாக இப்பதிவு அந்நிறுவனத்தின் தொலைபேசி அமைப்பில் இயல்பிருப்பு இசையாக இடம்பெற்றது. இசையை மாற்றாமலே விட்டுவிட்ட எண்ணற்ற அலுவலகங்களில் இன்றும் அதுவே ஒலிக்கிறது. அமெரிக்காவின் 'திஸ் அமெரிக்கன் லைஃப்' வானொலி நிகழ்ச்சி 2014-இல் இதன் கதையை ஒலிபரப்பிய பிறகே இசையமைத்தவரின் பெயர் பரவலாகத் தெரியவந்தது.

செயல்படும் விதம்

பழைய ஒப்புமை வகை இணைப்பகத்தில் நிறுத்து பொத்தானை அழுத்தியதும் ஊழியரின் கைபேசிக் குழாய் அந்த இணைப்பிலிருந்து விடுபடும். அதன் இடத்தில் இசை உள்ளீட்டு முனை இணைக்கப்படும். எண்முறை இணைப்பகத்தில் இசைக்கென ஒரு நேரத்துண்டு ஒதுக்கப்பட்டு, நிறுத்தி வைக்கப்பட்ட எல்லா இணைப்புகளுக்கும் அதே நேரத்துண்டு அனுப்பப்படும். ஆகவே எத்தனை பேர் காத்திருந்தாலும் அனைவரும் ஒரே கணத்தில் இசையின் ஒரே பகுதியைக் கேட்பர். புதிதாக வருபவருக்குப் பாடல் நடுவிலிருந்து கேட்கும்.

இணைய நெறிமுறைத் தொலைபேசியில் இசை என்பது ஒரு வழங்கியிலிருந்து அனுப்பப்படும் ஒலிப் பொதிகளின் ஓட்டம். சிப் எனப்படும் அமர்வுத் தொடக்க நெறிமுறையில், நிறுத்து பொத்தானை அழுத்திய தொலைபேசி நடப்பு அழைப்புக்குள்ளேயே மீண்டும் ஒரு 'இன்வைட்' செய்தியை அனுப்புகிறது. அதில் ஒலி ஓட்டத்தின் திசை 'அனுப்ப மட்டும்' அல்லது 'செயலற்றது' என மாற்றிக் குறிக்கப்பட்டிருக்கும். இந்த முறை 2002-இல் வெளியான ஆர்எப்சி 3264 ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. அதற்கு முந்தைய கருவிகள் ஒலி முகவரியைச் சுழியங்களாக அனுப்பி நிறுத்தத்தைக் குறித்தன. இச்செய்தியைக் காணும் இணைப்பகம் இசையோட்டத்தைத் தொடங்குகிறது. ஊழியர் மீண்டும் பேச வரும்போது இன்னொரு செய்தி மூலம் இசை நிறுத்தப்பட்டுப் பேச்சு இணைக்கப்படுகிறது.

இணைப்பகம் இச்செய்தியை இடைமறிக்காமல் அப்படியே மறுமுனைக்கு அனுப்பிவிட்டால் இசை ஒலிக்காது. புதிய அமைப்புகளில் 'இசைக் கோப்பு இருக்கிறது, ஆனால் வெளியிலிருந்து அழைப்பவருக்கு அமைதிதான் கேட்கிறது' என்ற புகாருக்கு இது ஒரு காரணம்.

எந்த இசை ஒலிக்கும் என்பதும் குழப்பம் தரக்கூடியது. காத்திருப்பவர் கேட்பது தமக்கென ஒதுக்கப்பட்ட இசையை அன்று; பொதுவாக, நிறுத்தி வைத்தவருக்கு ஒதுக்கப்பட்ட இசையையே. சிஸ்கோ அமைப்பில் இது இரண்டாகப் பிரிகிறது. எந்த இசை என்பதை நிறுத்தி வைப்பவரின் அமைப்பு தீர்மானிக்கிறது. அந்த இசையை எந்த வழங்கி அனுப்ப வேண்டும் என்பதைக் காத்திருப்பவரின் அமைப்பு தீர்மானிக்கிறது. விற்பனைப் பிரிவிற்கும் கணக்குப் பிரிவிற்கும் வெவ்வேறு இசை வைக்கும்போது இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒலித்தரத்தின் எல்லைகள்

வானொலியில் இனிமையாகக் கேட்கும் பாடல் தொலைபேசியில் கரகரப்பாகவும் நீரில் மூழ்கியது போலவும் கேட்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது அலைவெண் எல்லை. மரபான தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. பேச்சு புரிய இது போதும். ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்க ஒலி, தம்புராவின் கீழ்ச் சுருதி, தாளத்தின் உலோகக் கிணுக்கம் ஆகியவற்றின் பெரும்பகுதி இந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

இரண்டாவது ஒலிக் குறிமுறை. 1972-இல் தரப்படுத்தப்பட்ட ஜி.711 முறை நொடிக்கு 8000 மாதிரிகளை எடுத்து 64 கிலோபிட் வேகத்தில் அனுப்புகிறது. வட அமெரிக்காவும் ஜப்பானும் இதன் மியூ-லா வடிவத்தையும், இந்தியாவும் ஐரோப்பிய நாடுகளும் ஏ-லா வடிவத்தையும் பயன்படுத்துகின்றன. ஜி.711 ஒலியின் தன்மையைப் பற்றி எந்த முன்முடிவும் செய்வதில்லை என்பதால் இசையும் ஓரளவு நன்றாகவே கேட்கும். 8 கிலோபிட் மட்டுமே எடுத்துக்கொள்ளும் ஜி.729 முறை அப்படியன்று. அது மனிதக் குரல்வளையின் மாதிரி ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு குரல் மட்டும் பேசுவதாகக் கருதி ஒலியைச் சுருக்குகிறது. பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கும் திரைப்பாடல் அந்த மாதிரிக்குள் அடங்காததால் உடைந்து கேட்கிறது. கைபேசி வலையமைப்புகளில் பயன்படும் ஏஎம்ஆர் குறிமுறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே அலுவலகத்திற்குள் ஜி.711 இருந்தாலும், கைபேசியிலிருந்து அழைப்பவருக்குக் கடைசிக் கட்டத்தில் இசை சிதைய வாய்ப்புண்டு. நொடிக்கு 16000 மாதிரிகள் எடுக்கும் ஜி.722 போன்ற அகன்ற அலைவரிசை முறைகளில் இசை தெளிவாக இருக்கும். ஆனால் இரு முனைகளும் இடைப்பட்ட வலையமைப்பும் அதை ஏற்க வேண்டும்.

மூன்றாவது அமைதி நீக்கம். யாரும் பேசாத நேரத்தில் பொதிகளை அனுப்பாமல் விடும் வசதி சில அமைப்புகளில் உண்டு. அது மெல்லிய இசைப் பகுதியையும் அமைதி எனக் கருதி வெட்டிவிடும். இதனால் பாடல் விட்டு விட்டுக் கேட்கும்.

இக்காரணங்களால் புல்லாங்குழல், வீணை, கித்தார் போன்ற ஒற்றைக் கருவி இசை, பல கருவிகள் சேர்ந்த இசையைவிடத் தொலைபேசிக்குப் பொருத்தமாக அமைகிறது. மிக மெதுவாகத் தொடங்கி மெல்ல உயரும் ஆலாபனை போன்றவை தவிர்க்கத்தக்கவை. முதல் சில நொடிகள் காதில் விழாததால் அழைத்தவர் இணைப்பு அறுந்ததாக எண்ணிவிடலாம்.

ஒலிக்கோப்பைத் தயாரித்தல்

ஆடாசிட்டி போன்ற கட்டற்ற ஒலித் தொகுப்பு மென்பொருள் இதற்குப் போதுமானது. வழக்கமான படிகள் பின்வருமாறு:

1. இருதட ஒலியை ஒருதட ஒலியாக மாற்றுதல். தொலைபேசியில் இடம், வலம் என்ற வேறுபாடு இல்லை. ஒரு தடத்தை மட்டும் எடுத்தால் மறு தடத்தில் உள்ள கருவி காணாமல் போகும் என்பதால் இரண்டையும் கலக்க வேண்டும்.
2. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலும் உள்ள ஒலியை வடிகட்டுதல். எப்படியும் கடக்காத ஒலியை முன்னரே நீக்கிவிட்டால் அழைத்தவருக்குக் கேட்கப்போவது என்ன என்று கணினியிலேயே அறியலாம்.
3. ஒலி ஏற்றத்தாழ்வைச் சுருக்குதல். மெல்லிய பகுதிக்கும் உரத்த பகுதிக்கும் இடையேயுள்ள வேறுபாடு குறைய வேண்டும்.
4. ஒலியளவைச் சரிசெய்தல். சராசரி அளவு கோப்பின் உச்ச அளவைவிடச் சுமார் 15 முதல் 20 டெசிபெல் குறைவாக இருப்பது நல்லது. ஊழியரின் குரலைவிட இசை உரத்து ஒலித்தால் காத்திருப்பவர் குழாயைக் காதிலிருந்து விலக்கிப் பிடிப்பார். ஊழியர் திரும்பி வந்து பேசுவது அவருக்குக் கேட்காமல் போகலாம்.
5. தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள வெற்று நொடிகளை வெட்டுதல். கோப்பு மீண்டும் தொடங்கும் இடத்தில் இடைவெளி தெரியக்கூடாது.
6. 8000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதம், 16 பிட், ஒருதடம் கொண்ட வேவ் கோப்பாகச் சேமித்தல். இவ்வடிவில் 5 நிமிட இசை ஏறக்குறைய 4.8 மெகாபைட் இடம் பிடிக்கும்; ஜி.711 வடிவில் அதில் பாதி போதும்.

எம்பி3 கோப்பை அப்படியே ஏற்றும் வசதி பல அமைப்புகளில் இருந்தாலும், ஒவ்வொரு முறையும் அதை விரித்து மாற்றுவது வழங்கியின் உழைப்பைக் கூட்டும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலியை மீண்டும் சுருக்குவது ஒலித்தரத்தையும் குறைக்கும்.

அமைக்கும் முறைகள்

சிறு அலுவலக இணைப்பகம்

சில உட்தொலைபேசிகள் மட்டுமே கொண்ட இணைப்பகங்கள் பலவற்றில் உள்ளமைந்த மெட்டு, வெளி இசைக் கருவி, 'பீப்' ஒலி என்ற தெரிவுகள் உண்டு. வெளி இசைக்கு ஆர்சிஏ அல்லது 3.5 மில்லிமீட்டர் துளை கொடுக்கப்பட்டிருக்கும். இசைக் கருவியை அதில் இணைத்து, நிரல் எண் மூலம் 'வெளி இசை' என்ற தெரிவை இயக்க வேண்டும். நிரல் எண்கள் மாதிரிக்கு மாதிரி மாறும் என்பதால் கையேட்டைப் பார்ப்பது அவசியம். ஒலிபெருக்கிக்கான வெளியீட்டை நேரடியாக இத்துளையில் செருகினால் ஒலி உடைந்து கேட்கும். 'லைன்' அளவு வெளியீட்டையே பயன்படுத்த வேண்டும். இணைத்தபின் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் தொடர்ந்து கேட்டால் இரு கருவிகளின் நில இணைப்புகளுக்கு இடையே மின்சாரம் சுழல்கிறது என்று பொருள். இடையில் ஒலித் தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்றை வைத்தால் இது நீங்கும்.

மின்தடைக்குப் பின் தானாக மீண்டும் இசைக்கத் தொடங்காத கருவியை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. மின்சாரம் போய் வந்த பிறகு இசை நின்றிருப்பது அலுவலகத்தில் உள்ளவர்களுக்குத் தெரியாது. அவர்கள் தம் சொந்த எண்ணை அழைத்துக் காத்திருப்பதில்லை.

ஆஸ்டெரிஸ்க், ஃப்ரீபிபிஎக்ஸ்

ஆஸ்டெரிஸ்க் என்பது மார்க் ஸ்பென்சர் 1999-இல் உருவாக்கிய கட்டற்ற தொலைபேசி இணைப்பக மென்பொருள். இதில் காத்திருப்பு இசை 'வகுப்பு' என்னும் பிரிவுகளாக அமைகிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெயர், இசைக்கும் முறை, கோப்புகள் இருக்கும் அடைவு ஆகியவை காத்திருப்பு இசைக்கான உள்ளமைவுக் கோப்பில் எழுதப்படும். 'டீஃபால்ட்' என்ற வகுப்பு எப்போதும் இருக்க வேண்டும். வேறு வகுப்பு குறிப்பிடப்படாத அழைப்புகள் அனைத்தும் அதையே பயன்படுத்தும்.

'கோப்பு' முறையில் ஒவ்வோர் அழைப்பாளருக்கும் தனியாக இசை தொடங்குகிறது. ஒரே பாடலை வைத்தால், அரை நிமிடம் மட்டும் காத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் அதே முதல் அரை நிமிடத்தையே கேட்பார். நாள்தோறும் அழைக்கும் வாடிக்கையாளருக்கு இது சலிப்பூட்டும். பல கோப்புகளை வைத்து, வரிசைமுறையை 'தற்செயல்' எனக் குறிப்பது இதற்குத் தீர்வு. வெளிநிரல் மூலம் தொடர் ஓட்டமாக இசைக்கும் முறையும் உண்டு. அதில் அனைவரும் ஒரே ஓட்டத்தின் நடுவில் நுழைவர்.

ஆஸ்டெரிஸ்கை வலை உலாவி மூலம் நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸில் படிகள் எளிமையானவை:

1. 'செட்டிங்ஸ்' பட்டியலில் 'மியூசிக் ஆன் ஹோல்டு' பகுதியைத் திறந்து, புதிய வகையொன்றைப் பெயரிட்டுச் சேர்த்தல்.
2. தயாரித்த கோப்புகளை அதில் ஏற்றுதல். தேவையான வடிவங்களுக்கு மென்பொருளே மாற்றிக்கொள்ளும். தற்செயல் வரிசை வேண்டுமெனில் அதற்கான தெரிவை இயக்குதல்.
3. உள்வரும் வழித்தடம், அழைப்பு வரிசை, அழைப்புக் குழு ஆகியவற்றில் எதற்கு இந்த இசை வேண்டுமோ அதன் பக்கத்தில் இவ்வகையைத் தேர்ந்தெடுத்தல்.
4. மேலே தோன்றும் 'அப்ளை கான்ஃபிக்' பொத்தானை அழுத்துதல். இதைச் செய்யாதவரை பழைய இசையே ஒலிக்கும்.

கோப்புகளை நேரடியாக அடைவில் இட்டவர்கள் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். கோப்புகளைப் படிக்கும் அனுமதி ஆஸ்டெரிஸ்க் இயங்கும் பயனர் கணக்கிற்கு இருக்க வேண்டும். இசைப் பகுதி மீளேற்றம் செய்யப்பட்டிருக்க வேண்டும். வகுப்புகளையும் கோப்புகளையும் பட்டியலிடும் கட்டளைகள் ஆஸ்டெரிஸ்க் முனையத்தில் உள்ளன; ஏற்றிய கோப்பு அப்பட்டியலில் இல்லையெனில் அழைப்பவருக்கும் அது கேட்காது.

சிஸ்கோ போன்ற பெரிய அமைப்புகள்

பல கிளைகளைக் கொண்ட நிறுவனங்களில் வலையமைப்பின் கொள்ளளவு முக்கியமாகிறது. ஜி.711 ஓட்டம் 64 கிலோபிட் என்றாலும், 20 மில்லிநொடிப் பொதி ஒவ்வொன்றுடனும் சேரும் 40 பைட்டு தலைப்பையும் கணக்கிட்டால் அது 80 கிலோபிட் ஆகிறது. தனித்தனியாக அனுப்பினால் கிளையில் 30 பேர் காத்திருக்கும்போது 2.4 மெகாபிட் தேவைப்படும். பல்முனைப் பரப்பு முறையில் ஒரே ஓட்டத்தை அனைவரும் பகிர்வதால் 80 கிலோபிட்டே போதும். ஆனால் இடையிலுள்ள வழிச்செயலிகள் அனைத்திலும் பல்முனைப் பரப்பு இயக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் அதற்கு அப்பால் உள்ளவர்களுக்கு அமைதியே கேட்கும்.

சிஸ்கோ அமைப்பில் 'பயனர் நிறுத்தம்', 'வலையமைப்பு நிறுத்தம்' என இரு வகை உண்டு. ஊழியரே நிறுத்து பொத்தானை அழுத்துவது முதலாவது. அழைப்பை வேறொருவருக்கு மாற்றும்போதும் கூட்டு அழைப்பில் சேர்க்கும்போதும் தானாக நிகழ்வது இரண்டாவது. இரண்டுக்கும் தனித்தனி இசை தரலாம். ஒன்றை மட்டும் மாற்றினால், அழைப்பு மாறும் சில நொடிகளில் பழைய இசை தலைகாட்டும்.

சோதித்தலும் வழக்கமான கோளாறுகளும்

அலுவலகத்திற்குள் ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்கு அழைத்துச் சோதிப்பது போதாது. உள்ளழைப்பும் வெளியழைப்பும் வெவ்வேறு வழிகளில் செல்வதாலும் வெவ்வேறு குறிமுறைகளைப் பயன்படுத்தக்கூடும் என்பதாலும், வெளியிலிருந்து ஒரு கைபேசி மூலமும் ஒரு தரைவழித் தொலைபேசி மூலமும் அழைத்துப் பார்க்க வேண்டும். நிறுத்துதல், மாற்றுதல், வரிசையில் காத்திருத்தல் ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஐந்து நிமிடமேனும் கேட்டால்தான் கோப்பு முடிந்து மீண்டும் தொடங்கும் இடம் தெரியவரும்.

• உள்ளே கேட்கிறது, வெளியே கேட்கவில்லை: தீயரண் இசை வழங்கியிலிருந்து வரும் பொதிகளைத் தடுக்கலாம், அல்லது இரு முனைக்கும் பொதுவான குறிமுறை இசை வழங்கியில் இல்லாதிருக்கலாம்.
• மிக வேகமாக அல்லது மிக மெதுவாக ஒலிக்கிறது: கோப்பின் மாதிரி வீதம் அமைப்பு எதிர்பார்ப்பதிலிருந்து வேறுபடுகிறது.
• விட்டு விட்டுக் கேட்கிறது: அமைதி நீக்கம் இயங்குகிறது, அல்லது வலையமைப்பில் பொதிகள் தவறுகின்றன. ஊழியரின் பேச்சும் விட்டு விட்டுக் கேட்டால் இரண்டாவதே காரணமாக இருக்கலாம்.
• இசைக்குப் பதில் 'பீப்' மட்டும் கேட்கிறது: இசை வழங்கி கிடைக்காதபோது சில அமைப்புகள் இந்த மாற்று ஒலிக்குத் தாவுகின்றன.

கூட்டு அழைப்புகளில் காத்திருப்பு இசை தனிச் சிக்கலை உண்டாக்குகிறது. பங்கேற்பாளர் ஒருவர் இடையில் வேறு அழைப்பை ஏற்கத் தம் தொலைபேசியில் நிறுத்து பொத்தானை அழுத்தினால், அவருடைய அலுவலகத்தின் இசை கூட்டத்தில் உள்ள அனைவருக்கும் கேட்கும். அவர் திரும்பும்வரை பிறர் பேச முடியாது; அவருக்கோ தாம் செய்தது தெரியாது. கூட்டத்தை நடத்துபவர் அந்த இணைப்பை மட்டும் ஊமையாக்குவதே உடனடி வழி. கூட்டு அழைப்புகளில் நிறுத்து பொத்தானுக்குப் பதில் ஊமைப் பொத்தானைப் பயன்படுத்துமாறு ஊழியர்களுக்குச் சொல்வதும், கூட்டு அழைப்புக்கான இணைப்புகளில் இசையை அணைத்து வைப்பதும் நிலையான வழிகள்.

ஊமைப் பொத்தானும் நிறுத்து பொத்தானும் அழைத்தவருக்கு வெவ்வேறு செய்தியைத் தருகின்றன. முன்னதில் அழைத்தவருக்கு அமைதி கேட்கும். ஆனால் அவர் பேசுவது ஊழியருக்குத் தொடர்ந்து கேட்கும். பின்னதில் இரு திசையும் அடைபடும். இசை ஒலிக்கும்போது தாம் பேசுவது மறுமுனைக்கு எட்டாது என்று பொதுமக்கள் கருதினாலும், அழைப்பைப் பதிவு செய்யும் அமைப்பு இணைப்பகத்தின் வாயிலில் இருந்தால் காத்திருக்கும்போது பேசியதும் பதிவாகக்கூடும்.

பதிப்புரிமை

கடையில் வாங்கிய குறுந்தகடோ சந்தா செலுத்திக் கேட்கும் இசைச் செயலியோ தனிப்பட்ட கேட்புக்கானது. அதை நிறுவனத்தின் தொலைபேசியில் அழைப்பவர்களுக்கு ஒலிக்கச் செய்யும் உரிமை அதனுடன் வருவதில்லை. வானொலி ஒலிபரப்பை இணைப்பகத்தில் கொடுப்பதற்கும் இது பொருந்தும். ஒலிபரப்புவதற்கு வானொலி நிலையம் பெற்ற உரிமம் அலுவலகத்தைச் சேராது. அதோடு, போட்டி நிறுவனத்தின் விளம்பரம் தம் வாடிக்கையாளருக்கே கேட்கும் வாய்ப்பும் வானொலியில் உண்டு.

ஒரு பாடலில் குறைந்தது இரண்டு உரிமைகள் அடங்கியுள்ளன. இசையும் சொற்களும் ஒன்று. அதன் ஒலிப்பதிவு மற்றொன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி இசைப் படைப்பின் உரிமை ஆக்கியோர் காலமான பின் 60 ஆண்டுகளுக்கும், ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். தியாகராசர் கீர்த்தனைக்குப் பதிப்புரிமை இல்லை என்பதால் அதன் எந்தப் பதிவையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது பரவலான தவறு. கீர்த்தனை பொதுச் சொத்து. அண்மையில் ஒரு கலைஞர் வாசித்து வெளியிட்ட பதிவு பொதுச் சொத்து அன்று. அதே கீர்த்தனையை நிறுவனமே ஒரு கலைஞரை வாசிக்கச் செய்து, எழுத்து மூலம் உரிமை பெற்றுப் பயன்படுத்தினால் இச்சிக்கல் எழாது.

உரிமங்களைப் பொதுவாக உரிமைச் சங்கங்கள் வழியாகப் பெறுவர். இந்தியாவில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், வெளியீட்டாளர் ஆகியோருக்காக 1969-இல் தொடங்கப்பட்ட ஐபிஆர்எஸ் செயல்படுகிறது. ஒலிப்பதிவு உரிமைகளைப் பல இசை நிறுவனங்களின் சார்பில் பிபிஎல் கையாள்கிறது. தெரிந்தே பதிப்புரிமையை மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இந்தியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு இடமளிக்கிறது. வணிக ஆதாயத்திற்காகச் செய்யப்படாத மீறலுக்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

செலவில்லாத வழி, தாராளமான உரிமத்தில் வெளியிடப்பட்ட இசையைப் பயன்படுத்துவது. ஆஸ்டெரிஸ்குடன் வரும் இசைக்கோப்புகளே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொண்டவை. இவ்வுரிமங்களிலும் நிபந்தனைகள் உண்டு. 'வணிக நோக்கமற்ற' என்ற குறிப்புள்ள இசையை வணிக நிறுவனம் பயன்படுத்தக்கூடாது. ஆக்கியோர் பெயரைக் குறிப்பிடும் நிபந்தனையைத் தொலைபேசியிலேயே நிறைவேற்றுவது கடினம் என்பதால், நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் குறிப்பிடுவது வழக்கம்.

காத்திருப்போர் அனுபவம்

வெறுமனே கழியும் நேரத்தைவிட ஏதேனும் ஒன்றில் ஈடுபட்டுக் கழியும் நேரம் குறைவாகத் தோன்றும் என்று டேவிட் மைஸ்டர் 1985-இல் காத்திருப்பு வரிசைகளின் உளவியல் பற்றி எழுதிய கட்டுரையில் குறிப்பிட்டார். எவ்வளவு நேரம் எனத் தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீண்டதாகத் தோன்றும் என்பதும் அவர் சுட்டியவற்றுள் ஒன்று. தொலைபேசிக் காத்திருப்பை ஆராய்ந்த நிரா முனிகோர், அனத் ரஃபேலி ஆகியோரின் 2007 ஆய்வு இசை, மன்னிப்பு அறிவிப்பு, வரிசையில் உள்ள இடத்தைக் கூறும் அறிவிப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. அவற்றுள் வரிசை இடத்தைக் கூறிய அறிவிப்பே அழைத்தவர்களிடம் நல்ல விளைவை ஏற்படுத்தியது. முன்னேறிச் செல்கிறோம் என்ற உணர்வை அது அளித்தது.

இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போது திடீரென நின்று மனிதக் குரல் கேட்டால், ஊழியர் வந்துவிட்டார் என்று காத்திருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அது 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்ற பதிவுக் குரல் என அறிந்ததும் ஏமாற்றம் அடைவார். இருபது நொடிக்கு ஒருமுறை இது நிகழ்ந்தால் கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கவும் முடியாது. எனவே அறிவிப்புகளின் இடைவெளியை அதிகமாக வைப்பதும், அவற்றில் வரிசை எண், எதிர்பார்க்கும் நேரம், கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணம் போன்ற பயனுள்ள தகவல்களை மட்டும் சேர்ப்பதும் நல்லது. நிறுவனத்தை அழைப்பவர் யார் என்பதும் இசைத் தேர்வில் கருத வேண்டியது. மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ இறப்புச் சான்றிதழ் தரும் அலுவலகத்தையோ அழைப்பவருக்குத் துள்ளலிசை பொருந்தாது. அத்தகைய இடங்களில் சில நொடிக்கு ஒருமுறை ஒலிக்கும் மெல்லிய 'பீப்' போதுமானது.

காத்திருப்பின் செலவை யார் ஏற்பது என்பதில் சில நாடுகள் சட்டம் இயற்றியுள்ளன. ஜெர்மனியில் 2013 ஜூன் 1 முதல், சிறப்புக் கட்டண எண்களை அழைப்போரிடம் காத்திருக்கும் நேரத்திற்குக் கட்டணம் பெறுவது தடை செய்யப்பட்டது. பிரித்தானியாவில் 2014 ஜூன் 13 முதல், பொருளோ சேவையோ வாங்கிய வாடிக்கையாளர் அது குறித்துப் பேச அழைக்கும் எண்ணுக்கு அடிப்படைக் கட்டணத்திற்கு மேல் பெறக்கூடாது என்ற விதி பெரும்பாலான வணிகங்களுக்கு நடைமுறைக்கு வந்தது.

காத்திருப்பு நேரம் அதிகமுள்ள மையங்களில், அழைத்தவரின் எண்ணைக் குறித்துக்கொண்டு அவர் முறை வரும்போது மையமே திரும்ப அழைக்கும் வசதி இப்போது பரவலாக உள்ளது. ஃப்ரீபிபிஎக்ஸ் உள்ளிட்ட பல அமைப்புகளில் இதைக் கூடுதல் நிரற்கூறாகச் சேர்க்கலாம். அவ்வசதி உள்ள இடங்களில் இசைக்கிடையே வரும் முதல் அறிவிப்பிலேயே அதைத் தெரிவிப்பது வழக்கம்.